கோபித்துக்கொண்டு வர ஓர் அறை

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயரும்போது நஸ்ருன்னிசாவுக்கு வீடுகள் வரும். சுவர் இல்லாத வீடுகள். வடக்கே ஒருவர் மனை, தெற்கே பொதுச்சந்து, கிழக்கே இன்னொருவர் கிணறு, மேற்கே தெரு. நடுவில் வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. இத்தனை வருடங்களில் அவர் பத்திரத்தில் எழுதிய வீடுகள்தான் அவை. பெரும்பாலானவற்றுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. ஒரு வீட்டை அடையாளம் காட்டப் பத்திரம் அதைச் சுற்றி இருப்பவற்றைத்தான் சொல்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை.

மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவருடைய அறை. வாசலில் உரிமம் பெற்ற பத்திர எழுத்தர் என்று பலகை. அவர் சொல்லச் சொல்லக் கணினியில் அடித்துக் கொடுப்பவர் சித்தார்த்தன். பதிவு அலுவலகத்துக்கு நேரம் வாங்குவது, முத்திரைத் தீர்வை கட்டுவது எல்லாம் இப்போது திரையிலேயே முடிந்துவிடுகிறது. திரையில் முடியாத வேலை ஒன்றை நஸ்ருன்னிசா தானாகவே வைத்துக்கொண்டிருந்தார். எதையாவது விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர், தான் விட்டுக்கொடுப்பது என்னவென்று முதலில் தன் வாயால் சொல்லவேண்டும். படித்துக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டுகிறவருக்குப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

இதை நேர்மை என்று சொல்பவர்கள் உண்டு. பிடிவாதம் என்பார் சித்தார்த்தன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். சொல்லும்போது அழுதவர்கள் உண்டு, அவமானப்பட்டவர்கள் உண்டு. எதிர்ச்சந்து எழுத்தரிடம் எழுந்து போனவர்களும் உண்டு. அவர்களுக்காக நஸ்ருன்னிசா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆடி மாதத்துக் காலை ஒன்றில் காஷிஃப், தான் ஆபா என்று கூப்பிடும் அக்கா அமீனா பீயைக் கூட்டிக்கொண்டு வந்தார். சாந்தோமில், அப்பா விட்டுப்போன வீடு. அதில் அக்காவுக்கு உள்ள பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். எல்லைகளோடு வரைவு தயாராக இருந்தது. வீட்டை இடித்துக் கட்ட காஷிஃப் வங்கியில் கடன் கேட்டிருந்தார். பத்திரம் தன் ஒருவர் பெயரில் இருந்தால்தான் கடன். அன்று மதியமே பதிவு.

நஸ்ருன்னிசா வரைவை நிதானமாகப் படித்துக் காட்டினார். அமீனா பீ புர்கா நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார்.

“இப்ப நீங்க சொல்லுங்க ஆபா. இன்னா எழுதியிருக்கு?”

“இன்னாக்கா, இவங்களுக்கும் பரீட்சையா?” என்றார் சித்தார்த்தன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பாஸ் மார்க்காவது சொல்லிடு.”

அமீனா பீ சிரித்துவிட்டார். “சொல்றதுக்கு இன்னா கீது? வீடு தம்பிக்கு. இடிச்சுக் கட்டுவான், வாடகைக்கு வுடுவான், நான் கேக்க மாட்டேன். மாடி ரூம்பு மட்டும் எனக்கு.”

நஸ்ருன்னிசா பேனாவைக் கீழே வைத்தார். “மாடி ரூம்பு இதுல இல்லியே, ஆபா.”

“அது எதுக்கு எழுதணும்? அது எப்பவும் என்னுதுதானே.”

காஷிஃப் குறுக்கிட்டார். “மேடம், அது வீட்டுப் பேச்சு. ஆபா வேளச்சேரியில புள்ளையோட கீறாங்க. மருமவளோட லடாய்னா பையத் தூக்கிக்கினு நம்ம வூட்டுக்கு வந்துடுவாங்க. மாடியில போய்க் கதவச் சாத்திக்குவாங்க. கோவம் தீந்தா எறங்குவாங்க.”

“தீந்தாதான் எறங்குவேன்,” என்றார் அமீனா பீ. “அங்க படுத்தா கடக்காத்து மூஞ்சில அடிக்கும். அத்தா இருக்கும்போதே அப்பிடித்தான். யாரையும் கேட்டது இல்ல.”

கேட்காமல் வருவது. நஸ்ருன்னிசாவின் மனம் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டது. ஒருவருக்குச் சொந்தமான இடம் என்று எதைச் சொல்கிறோம்? பத்திரங்கள் அதற்குப் பல சொற்கள் வைத்திருக்கின்றன. இந்த அம்மாள் சொன்னதைவிடத் தெளிவான ஒன்று அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

“ஆபா, கையெழுத்துப் போட்டபெறவு நீங்க வரலாம். ஆனா அது தம்பி வீடு. நாளைக்குத் தம்பி இல்லன்னா தம்பி புள்ளைங்க வீடு. வேணாம்னு சொன்னா நீங்க திரும்பிப் போவணும். இத உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டுப் போடுங்க, நான் தடுக்கல.”

அமீனா பீ வாயைத் திறந்தார். “நான் வந்தா…” என்று தொடங்கி ஜன்னலைப் பார்த்தார். கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மெத்தென்ற காற்று மேஜைமேல் இருந்த தாள்களின் ஓரங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. “நான் வந்தா, கதவத் தட்டிட்டு வெளிய நிக்கணும்.”

“யாரு நிக்கச் சொன்னது?” காஷிஃபுக்குக் குரல் ஏறியது. “நீ பாட்டுக்கு எப்பவும்போல வா. சாவற வரைக்கும் வா. நான் இன்னா தொரத்தவா போறேன்?”

“அத எழுதிடலாமா?” என்று கேட்டார் நஸ்ருன்னிசா. “ஆயுசு முழுக்க அந்த ரூம்புல தங்க உரிமை உண்டுன்னு ஒரு வரி.”

காஷிஃப் பதில் சொல்லவில்லை. அப்படி ஒரு வரி இருந்தால் வங்கியின் வக்கீல் பத்திரத்தைத் திருப்பிவிடுவார் என்று அவருக்குத் தெரியும். நஸ்ருன்னிசாவுக்கும் தெரியும். காஷிஃப் கெட்ட மனிதர் இல்லை. மழை வந்தால் கூடம் முழுக்கப் பாத்திரம் வைக்கிற வீட்டில் பிள்ளைகளை வளர்ப்பவர். தொரத்த மாட்டேன் என்று சொன்னதும் மனதாரச் சொன்னதுதான். அமீனா பீ தம்பியின் முகத்தை, அப்போதுதான் அறிமுகமானவர் முகத்தைப் போல, பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு செருப்பைக் காலால் தேடி மாட்டினார்.

“எழுதவும் வேணாம். கையெழுத்தும் வேணாம். வா, போலாம்.”

“ஆபா, டோக்கன் போட்டாச்சு…”

“போட்டா போட்டதுதான். பசிக்குது எனக்கு.”

படியில் இறங்கும்போது காஷிஃப் அக்காவின் பையை வாங்கிக்கொண்டார். நஸ்ருன்னிசாவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒரு நல்ல பார்ட்டி போச்சு,” என்றார் சித்தார்த்தன். “நீ சும்மா படிச்சுட்டு வுட்டிருந்தா அவங்க பாட்டுக்கு நல்லாத்தான் இருந்திருப்பாங்க.”

“இருந்திருக்கலாம்,” என்றார் நஸ்ருன்னிசா. அவர் அதை மறுக்கவில்லை. வரைவை அழிக்கச் சொன்னார்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பட்டினப்பாக்கத்தில் உறவினர் வீட்டுக்குப் போன நஸ்ருன்னிசா, திரும்பும்போது சாந்தோம் தெருக்கள் வழியாக நடந்தார். ஒரு திருப்பத்தில் கால் நின்றது. வடக்கே தையல்கடை, கிழக்கே மாதா படம் வைத்த மதில், தெற்கே ஒடுங்கிய சந்து. அவர் பார்த்திராத வீடு; ஆனால் அழித்த வரைவிலிருந்து எல்லைகள் தெரிந்த வீடு. இடிக்கவில்லை. பழைய சுவரில் ஈரம் ஊறி வரைபடம்போலக் கறை படிந்திருந்தது. மாடி அறைக்கு மட்டும் புதுத் தகர ஷீட் போட்டிருந்தது; மழை முடிந்த வானம் அதில் மங்கலாகத் தெரிந்தது.

காஷிஃப் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நஸ்ருன்னிசாவைப் பார்த்ததும் கை நின்றது.

“லோன் போச்சு, மேடம். கூடத்துல இன்னும் ஒழுவுது,” என்றார். குரலில் தணிவு இல்லை. “மாடிக்கு மட்டும் ஷீட் போட முடிஞ்சுது.”

நஸ்ருன்னிசா நிமிர்ந்து அந்த ஷீட்டைப் பார்த்தார். மாடி ஜன்னல் திறந்தது.

“டேய் காஷிஃப்! டீ எங்கடா? ஒருத்தி கோவமா மேல குந்திக்கினு கீறேன், யாருக்காவது தோணுதா பாரு!”

“வருது, வருது! கோவத்துல வந்தவங்களுக்கு அதிகாரத்தப் பாரு,” என்று முனகிவிட்டு, காஷிஃப் துணியை வண்டிமேல் போட்டு உள்ளே போனார்.

திரும்பும் ஷேர் ஆட்டோவில் நஸ்ருன்னிசாவுக்குக் கண் சொக்கியது. கண்ணுக்குள் அந்த வீடு வந்தது. வடக்கே, தெற்கே, கிழக்கே, மேற்கே எல்லாம் அதனதன் இடத்தில். நடுவில் இந்த முறை ஓர் அறை இருந்தது. அதற்குள் யாரோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். கடற்காற்று ஜன்னலை ஆட்டியது. யாரோ டம்ளரோடு படியேறும் சத்தம் கேட்டது.