தலைகீழ் வேல் போட்ட மூட்டை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீரபாகுவின் ஜவ்வரிசி மண்டியிலிருந்து கல்கத்தாவுக்குப் போன மூட்டைகளில் வட்டத்துக்குள் ஒரு வேல் இருக்கும். அந்த வேலைப் போட்டவர் யாகப்பன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற மனிதர். வாரத்தில் ஆறு நாள் முருகனுக்கு, ஒரு நாள் மாதாவுக்கு என்று மண்டியில் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். தகரத்தில் வெட்டிய அச்சை மூட்டையில் வைத்து, விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்த மையைத் துணிப்பந்தால் ஒற்றி எடுப்பதுதான் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு மூட்டை. பிசிறு இருக்காது.

ஆனால் ஒவ்வொரு லோடிலும் ஒரே ஒரு மூட்டையில் வேல் தலைகீழாக நிற்கும்.

"மத்ததெல்லாம் அச்சடிச்சாப்ல இருக்குது, ஒண்ணு மட்டும் எப்பிடிய்யா கவுந்துக்குது?" என்று வீரபாகு தலையில் அடித்துக்கொள்வார்.

"கை தவறிடுதுங்க" என்பார் யாகப்பன். பொய்தான். அதைச் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். அவருடைய தம்பி ஞானதாஸ் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் வீட்டில் கோபித்துக்கொண்டு மதராசுக்கு ஓடி, கப்பலில் கலாசியாகச் சேர்ந்துவிட்டவன். கல்கத்தாவுக்கும் கடலூருக்கும் போய்வரும் பழைய சரக்குக் கப்பல் ஒன்றில் அவனுக்கு வேலை. தபால் கார்டு போட்டால் அது கல்கத்தா சேரும்போது கப்பல் கடலூரில் நிற்கும்; கடலூருக்குப் போட்டால் கப்பல் கல்கத்தாவில் நிற்கும். கார்டு கிழிந்து திரும்பி வந்ததுதான் மிச்சம். மூட்டை அப்படி இல்லை. சேலம் மார்க்கெட் ஸ்டேஷனில் வேகன் ஏறினால் கடலூர், அங்கே படகு, படகிலிருந்து தம்பியின் கப்பல். அது வழி தவறவே தவறாது. ஏனென்றால் நம் துறைமுகத்திலிருந்து நம் துறைமுகத்துக்குப் போகும் சரக்கை நம் நாட்டுக் கப்பல்தான் ஏற்ற வேண்டும் என்று சர்க்கார் சட்டம் வைத்திருந்தது; கடலூருக்கு வந்துபோன நம் கப்பல் அது ஒன்றுதான். அந்தச் சட்டம் யாருக்காகப் போட்டதோ, யாகப்பனுக்குத் தபால்காரனாக இருந்தது.

தம்பிக்கு அடையாளமாகத் தலைகீழ் வேல் போட்ட மூட்டையின் அடித்தையலுக்குக் கீழே மையால் ஒரு வரி எழுதுவார். 'அம்மா நேத்து உன்னைக் கேட்டா.' 'கோயில் கூரை மாத்தியாச்சு.' அம்மா இறந்தபோது 'அம்மா போயிட்டா, நல்ல சாவு' என்று எழுதினார். அதற்கு மேல் எழுத இடமும் இல்லை, கையும் ஓடவில்லை.

பதிலும் வரும். கல்கத்தா சணல் ஊர். ஜவ்வரிசி கட்டக் காலிச் சாக்குகள் அங்கிருந்துதான் கட்டுக்கட்டாக அதே கப்பலில் வரும். கட்டைச் சுற்றிய துணியின் உள்மடிப்பில் கரிக்கட்டையால் கிறுக்கியிருக்கும். 'அண்ணா, காய்ச்சல் தேவலை.' 'அம்மாவுக்கு இங்க கோயில்ல மெழுகுத்திரி வெச்சேன்.' காலிச் சாக்குக் கட்டு வரும் நாளில் யாகப்பன் மண்டியில் யாரையும் பிரிக்க விடமாட்டார். ஐம்பதுகளில் பத்து வருஷம் அப்படிப் போயிற்று. அண்ணனும் தம்பியும் நேரில் பார்த்துக்கொண்டது மூன்றே தடவை. ஆனாலும் ஒரே தெருவில் குடியிருந்ததுபோல இருந்தது. அதெல்லாம் ஒரு காலம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் கப்பல் வரவில்லை. பழுதென்று கல்கத்தாவில் நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். வேறு இந்தியக் கப்பல்களெல்லாம் நிலக்கரிக்கும் தானியத்துக்கும் போய்விட்டன. கல்கத்தாவுக்கு நேராக ரயில் வேகன் கேட்டால் அதுவும் இல்லை. வீரபாகுவின் மூட்டைகள் கடலூர்க் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தன. ஐப்பசி மழை இறங்க இன்னும் சில வாரம்தான். ஈரம் பட்டால் ஜவ்வரிசி பூத்துக் களியாகிவிடும். சேலத்தில் ஆலைக் களங்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாகப்பனின் மனைவி இன்பமேரி ஜவ்வரிசி காயப்போடும் களத்திலும் வேலை நின்றது.

அப்போதுதான் மண்டிக்காரர்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். கடலூருக்கு வெளியே கடலில் நிற்கும் வெளிநாட்டுக் கப்பல்கள் கொண்டுவந்த சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே கல்கத்தா போகின்றன. சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி, இந்த ஒரு பருவத்துக்காவது அவை நம் சரக்கை ஏற்ற அனுமதிக்க வேண்டும் என்று சர்க்காருக்கு மனு. மனுவை எழுத முத்துமுத்தான கையெழுத்து வேண்டும்.

வீரபாகு காகிதத்தை யாகப்பன் முன்னால் வைத்தார். "நீ எழுதுய்யா. உன் கை ராசியான கை."

யாகப்பன் எழுதவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கடைசியாக வந்த சாக்குக் கட்டின் மடிப்பில் தம்பி எழுதியிருந்த கரி எழுத்து அவருக்கு மறக்கவில்லை: 'அன்னியக் கப்பல உள்ள உட்டா எங்க கப்பல உடைக்கப் போட்ருவாங்க அண்ணா.'

"ஏனுங்க, எழுதாம வந்துட்டீங்களாமா?" என்றாள் இன்பமேரி. சங்கதி அவருக்கு முன்பே வீடு சேர்ந்திருந்தது.

"எப்பிடி எழுதறது மேரி? தம்பி சோத்துல நானே மண்ணள்ளிப் போடறதா?"

இன்பமேரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "களத்துல நாப்பது பொம்பளைங்க சும்மா உக்காந்திருக்கறோம். தொட்டியில குச்சிக்கெழங்கு மாவு புளிச்சு நாறுது. உங்க தம்பி கப்பல் வந்துச்சுன்னா நானே ஆரத்தி எடுக்கறேன். அதுவும் வராது, வேற கப்பலும் வரக்கூடாதுன்னா குச்சிக்கெழங்கு நடந்தா கல்கத்தாவுக்குப் போவும்?"

யாகப்பனுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை மண்டிக்குப் போய் உட்கார்ந்து மனுவை எழுதினார். நான்கு பக்கம். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. வீரபாகு வாங்கிப் பார்த்துவிட்டு, "கோயில் கல்வெட்டு மாதிரி இருக்குதய்யா" என்று மெச்சினார். பாராட்டு இவ்வளவு கசக்கும் என்று யாகப்பனுக்கு அதுவரை தெரியாது.

மழைக்கு முன்பே அனுமதி வந்துவிட்டது. ஒரு வெளிநாட்டுக் கப்பலுக்கு, ஒரு நடைக்கு. ஊரே துள்ளியது. களங்களில் மறுபடி ஜவ்வரிசி வெள்ளையாக விரிந்தது. கடலூர்ச் சரக்கோடு சேர்த்து அனுப்ப மண்டியிலிருந்து இன்னும் இருநூறு மூட்டை. யாகப்பன் மை குழைத்து உட்கார்ந்தார். மனசு எங்கோ இருக்க, கை தன் வேலையைப் பார்த்தது. நூற்றுச் சொச்சத்தில் ஒரு மூட்டைக்கு அச்சைத் தலைகீழாக வைத்து ஒற்றினார். அடித்தையலுக்குக் கீழே எழுதினார்: 'தம்பி, மனு எழுதினது நான்தான்.'

வேகன் கதவை இழுத்துச் சாத்திய பிறகுதான் உறைத்தது. அது தம்பியின் கப்பலுக்குப் போகிற மூட்டை இல்லையே! தமிழ் தெரியாத யாரோ ஏற்றி, யாரோ இறக்கி, யார் வீட்டிலோ பாயசமாகப் போகிறது. பத்து வருஷப் பழக்கம், காலம் மாறியது கைக்குத் தெரியவில்லை. யாகப்பன் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதார். வெட்கம் பார்க்காமல் அழுதார்.

கிறிஸ்துமஸ் போயிற்று. காலிச் சாக்கு வரவில்லை. பழைய கப்பலைப் பற்றி வீரபாகு விசாரித்துச் சொன்ன சேதி நல்லதாக இல்லை. பழுது பார்ப்பதைக் கைவிட்டு விற்றுவிட்டார்களாம். யாகப்பன் 'சரிங்க' என்றார். அதற்குப் பிறகு அவர் மண்டியில் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. ஈஸ்டருக்கு முன்வரும் தவசுக் காலத்தில் மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மட்டும் ஒருசந்தி நோன்பு இருந்தால், இவர் புதன்கிழமையும் சேர்த்து இருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் காலிச் சாக்குக் கட்டுகள் வந்து இறங்கின. அவையும் மறுபடி அனுமதி வாங்கிய வேற்றுநாட்டுக் கப்பலில் வந்தவைதான் என்றார் லாரிக்காரர் மாதையன். யாகப்பன் எழுந்து போகவில்லை. "என்னண்ணா, நீங்க பிரிக்கலீங்களா?" என்று அவர் கேட்ட பிறகு, கேட்டதற்காகப் போய்க் கத்தியை எடுத்தார். நாலாவது கட்டின் உள்மடிப்பில் கரி அப்பியிருந்தது. எப்போதும்போல ஒரு வரி இல்லை. மடிப்பு முழுக்க எழுத்து.

'அண்ணா, எங்க கப்பல் போயிருச்சு. இப்ப கல்கத்தாத் துறையில மூட்டை தூக்கறேன். உன் வேலு கவுந்தது என் முதுகுல ஏறித்தான் எறங்குச்சு. படிச்சேன். அத்தன மூட்டையில ஒண்ணுகூட நனையல. நீ எழுதினது சரிதான். கடலு போதும். வாரேன்.'

யாகப்பன் அதை இரண்டு தடவை படித்தார். துணியை அளவாக வெட்டி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மைக் கிண்ணத்தின் முன் போய் உட்கார்ந்தார். அன்று முந்நூற்றைம்பது மூட்டை.

சாயங்காலம் வீரபாகு வழக்கம்போல அடுக்கைச் சுற்றி வந்தார். ஒரு முறை பார்த்தார். நம்பாமல் இன்னொரு சுற்று வந்தார்.

"என்னய்யா இது, ஒரு வேலுகூட கவுந்துக்கல? உடம்புகிடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கறனுங்க" என்றார் யாகப்பன். "தம்பி வாரானுங்க."