கார்ட்டூன் கிராணியைத் தேடி ரெங்கத்துக்கு

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

போன மாதம் தலைநகரில் பழைய கார்ட்டூன் கண்காட்சி ஒன்றுக்குப் போனேன். நான் டிவியில் பார்த்து வளர்ந்த, கங்காணித் தொப்பி போட்ட மரநாய்த் தொடருக்குத் தனிச்சுவரே ஒதுக்கியிருந்தார்கள். ‘கதை’ என்ற இடத்தில் மலாய் வசனம் எழுதியவரின் பெயர். உண்மையில் கதையை எழுதியவர் ரெங்கம் பக்கத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக வேலை பார்த்த இரா. மாசிலாமணி. படம் வரைந்தவர்களில் ஒருவரே எனக்குச் சொன்னது இது. அங்கிருந்த அதிகாரியிடம் சொன்னேன். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆதாரம் கேட்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜொகூர் பாருவிலிருந்து காரில் கிளம்பினேன். சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் இருபுறமும் செம்பனைத் தோட்டம். மொத்தம் 85 கிலோமீட்டர் இருக்கும். லாரிகளின் பின்னால் ஊர்ந்து சேரும்போது எட்டே முக்கால். ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் டீ, ஐந்து ரிங்கிட் ஐம்பது காசு. படம் வரைந்தவர் தந்த விலாசத்தை நீட்டினேன், கடைக்காரர் பார்க்கவே இல்லை.

“கார்ட்டூன் கிராணி வீடா? கோயில தாண்டி மூணாவது கேட்டு.”

ஊருக்கே தெரிந்தது தலைநகருக்குத் தெரியவில்லை!

கிராணி காலமாகிவிட்டார். மகள் கேட்டைத் திறக்காமலே பேசினார்.

“நீங்க எத்தனாவது ஆளு சார்? முன்ன ஒருத்தரு வந்தாரு. பேப்பர்ல எழுதினதுல அவரு போட்டோ இவ்ளோ பெருசு. அப்பா வெறும் ‘ஒரு தோட்டக் கிராணி’. பேரு கூட இல்ல லா.”

என் ஆய்வுக் கட்டுரையை ஒரு பேராசிரியர் தம் பெயரில் வெளியிட்டுக்கொண்டார். இன்றும் அவர் உட்காரும் கல்யாணப் பந்தியில் நான் உட்காருவதில்லை. அதைச் சொன்னேன். கேட் திறந்தது.

உள்ளே, கிராணி எழுதிவைத்த ஆறு நோட்டுகள். பக்கத்துக்கு ஆறு கட்டம். மரநாய் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் முழிக்கும், தொப்பி எப்போது விழும், எல்லாம் தமிழில். வசனத்துக்கான இடம் மட்டும் காலி. மலாயில் வேடிக்கையாக எழுத வராது என்று விட்டுவைப்பாராம். அந்தக் காலியிடத்தை நிரப்பியவர் முழுக் கதைக்கும் சொந்தக்காரர் ஆகிவிட்டார். அந்த மரநாய் ஒரு காட்சிக்கு நாலு வார்த்தைதான் பேசும்!

நோட்டுப் பக்கங்களைப் படம் எடுக்க மகள் ஒரே நிபந்தனை வைத்தார். “அப்பா பேரு மட்டும் போடுங்க. என் பேரு வேணாம். உங்க பேரும் வேணாம்.”

திரும்பும் வழியெல்லாம் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன். அலைந்தவன் நான்தானே?

போகிறவர்களுக்கு: பெட்ரோலும் டோலும் போக வர நாற்பது ரிங்கிட். காலையிலேயே போங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். கண்காட்சி இன்னும் நடக்கிறது. கீழே உள்ள நோட்டுப் பக்கங்களை அந்த அதிகாரியின் கைப்பேசிக்கே அனுப்புங்கள், அதையாவது பார்ப்பார்.

என் பெயரை இரண்டு முறை தட்டச்சு செய்து இரண்டு முறையும் அழித்தேன். இப்படியே வெளியிடுகிறேன்.

கதை: இரா. மாசிலாமணி.