தம்பி கட்டிய எஞ்சின்

கார்புரேட்டரில் வெளியே தெரிகிற திருகு இரண்டு. ஒன்று காற்றைக் கூட்டிக் குறைக்க, மற்றது வண்டி நிற்கும்போது எஞ்சின் அணையாமலிருக்க. போன வருஷம் எங்கள் தாராவிச் சந்தில் அந்த இரண்டையும் திருகிப் பார்க்காத ஆம்பளை ஒருத்தன் பாக்கியில்லை. காய்கறி வாங்கப் போனவன்கூட நின்று, "தோடா குமாவ் நா", கொஞ்சம் திருகேன் என்று அரைச் சுற்று சுற்றிவிட்டுப் போனான். கையில் ஸ்குரூ டிரைவர் கிடைத்துவிட்டால் எல்லோரும் எஞ்சினியர்தான்.

வண்டி என் வீட்டுக்காரருடையது. பழைய டூ ஸ்ட்ரோக் பைக். நான் வீட்டில் முறுக்கு சுடுவேன், அவர் அதில் கட்டிக்கொண்டுபோய் மாட்டுங்கா, செம்பூர் கடைகளில் போடுவார். சுமை தாங்காமல் வண்டி இருமத் தொடங்கியபோது, லேத் பட்டறையில் வேலை பார்க்கும் என் தம்பிதான் கை கொடுத்தான். டோம்பிவிலியிலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்தான். சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டான், வேறு வண்டியின் பெரிய கார்புரேட்டரை மாட்டினான். சயான் வரை ஓட்டிப்போய் வந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறம் பார்ப்பான். "கறுத்துருந்தா பெட்ரோல் கூட, வெளுத்துருந்தா காத்து கூட. நம்ம முறுக்கு செவக்குற பதத்துல இருக்கணும்க்கா" என்பான். அந்தப் பதம் வரும்வரை அவன் சாப்பிட உட்காரவில்லை.

அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான். தீபாவளிக்கு அவன் சேலையோடு படியேறினால்தான் எனக்குத் தீபாவளி.

ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள், வண்டி பாலத்து நடுவில் நின்றது. அதிலிருந்து தினமும் இதே கூத்து. பத்து நிமிஷம் ஜம்மென்று ஓடும், பிறகு மூச்சடைத்து நிற்கும். இவர் இறங்கி டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் உடனே ஸ்டார்ட் ஆகும். மறுபடி பத்து நிமிஷம். பெட்ரோல் இருக்கிறது, அப்படியென்றால் கார்புரேட்டர்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. சயான் மெக்கானிக் அதற்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்றினான். அடுத்தவன் அதைப் பிடுங்கிவிட்டு வேறு போட்டான். மிச்சத்தைத் தெரு பார்த்துக்கொண்டது.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதும் வந்து குனிந்திருந்த தம்பியைப் பார்த்து, தெருவே கேட்க இவர் கத்தினார்.

"இரும்பு சீவுறவன எஞ்சின்ல கைவைக்க விட்டேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்! ஓடிக்கிட்டிருந்த வண்டிய கச்ரா பண்ணிட்டான். இனி என் வாசல மிதிச்ச, பாத்துக்க!"

தம்பி நிமிர்ந்தான். கையைத் துணியில் துடைத்தான், ஸ்பேனரைக் கீழே வைத்தான், ஸ்டேஷன் பக்கம் நடந்தான். அதன்பிறகு போனை எடுக்கவேயில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எண்ணெய்ச் சட்டியை அப்படியே அந்த மனுஷர் தலையில் கவிழ்த்திருக்கலாம். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை, பாவி!

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் ஆர்டர் அதிகம். பைகளைப் பிடித்துக்கொள்ள நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். செம்பூரில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு சந்தில் வண்டி நின்றது. வழக்கம்போல இவர் மூடியைத் திறந்தார். உஸ்ஸ் என்று டேங்க் காற்றை இழுத்தது எனக்குக் கேட்டது. நான் தினம் எண்ணெய் டின் உடைக்கிறவள். ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் முரண்டு பிடிக்கும், காற்றுப் போக இன்னொரு ஓட்டை போட்டால்தான் வரும்.

"அந்த மூடிய இப்படித் தாங்க."

மூடியில் காற்றுப் போக ஊசிமுனை அளவு ஒரு துவாரம். அதில் மஞ்சளாக ஏதோ கெட்டிப்பட்டுக் கிடந்தது. சந்தனம். ஆயுத பூஜையன்று மூடியின் நடுவில் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தது என் விரல்தான். சேலை ஊக்கைக் கழற்றிக் குத்தி எடுத்தேன். கண்டபடி திருகி வைத்ததால் வண்டி புகை கக்கியது, ஆனால் வீடுவரை எங்கேயும் நிற்கவில்லை.

இவர் சிரியோ சிரியென்று சிரித்தார். "அட, இவ்ளோதானா! உன் பக்தில்லா வண்டிய நிப்பாட்டிருக்கு!" தெருவில் நாலு பேரிடம் சொல்லி அவர்களையும் சிரிக்கவைத்தார்.

"சிரிப்பு வருதோ? அவன நடுத்தெருவுல வச்சு ஏசினியள்லா, ஒரு போன் போட்டுச் சொல்லுங்க."

"மச்சினன்தான, அதெல்லாம் மனசுல வச்சுக்க மாட்டான். தீபாவளிக்குத் தன்னால வருவான்."

எரிகிற அடுப்பை அணைத்தேன். அத்தனை ஆர்டரும் அப்படியே கிடக்கட்டும் என்று சயானில் ரயிலேறினேன். டோம்பிவிலி போய்ச் சேரும்வரை மனசுக்குள் இவரைத் திட்டித் தீர்த்தேன்.

தம்பி கதவைத் திறந்தான். உட்காரும் முன்னே எல்லாவற்றையும் கொட்டினேன். சந்தனத்தைச் சொன்னதும் லேசாகச் சிரித்தான். "காத்துத் திருக முழுசா மூடிட்டு, ஒண்ணரைச் சுத்து திறக்கச் சொல்லுக்கா. மத்தத யாரும் தொட வேண்டாம்" என்றான்.

"உங்க அத்தானுக்கு வாய்க்குப் பூட்டே கிடையாதுல. மனுஷனா அவரு! அதை விடு, தீபாவளிக்கு வருவல்லா?"

எனக்கு உட்காரப் பாயை விரித்தான்.

"அத்தான் மேல கோவமில்லக்கா. அவிய வாயி அப்படித்தான், எனக்குத் தெரியாதா? நீயும் அங்கதான நின்ன. 'எந்தம்பி சரியாத்தான் செஞ்சிருப்பான்'னு ஒரு வார்த்த உன் வாயிலருந்து வரலியே."

அன்றைக்குத் தெருவில் நின்றபோது, வண்டியைக் கெடுத்தது அவன்தான் என்று நானும் நம்பியிருந்தேன்.