எஸ்கேப்புக்குப் பின்னால் அரை நொடி

எங்க ரத்தப் பரிசோதனைக் கூடத்துல அவங்களுக்கு எக்ஸ்பிரஸ் அக்கான்னு பேரு. பதினெட்டு வருஷமா நோயாளிகளோட ரிசல்ட்டை கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்க. காதுக்கும் தோளுக்கும் நடுவுல போன், அதுல வீட்டுக்காரரோட சண்டை, கண்ணு காகிதத்துல, விரல் பாட்டுக்குப் பறக்கும். மத்தவங்களும் அடிக்கிறாங்களே, தடவித் தடவி!

அந்த ப்ரோக்ராம் நான் எழுதினது. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, எல்லாமே கீபோர்டுதான். அதுல எனக்குத் தலைகால் புரியாத பெருமை வேற. மூணு வாரம் முன்னாடி அதைப் புதுசா மாத்திக் கொடுத்தேன். அன்னையிலேர்ந்து அக்கா ஏத்துற ரிசல்ட் மட்டும் தினம் ரெண்டு மூணு காணாமப் போச்சு.

மேனேஜர் பொறுத்துப் பார்த்துட்டு, "வயசாயிடுச்சும்மா, கை தடுமாறுது. திங்கக்கிழமையிலேர்ந்து வரவேற்புல உக்காருங்க"ன்னுட்டார். நானும் பக்கத்துல நின்னு, "மத்தவங்களுக்கு இப்படி ஆகலையே சார்"னு ஒத்து ஊதினேன். சீ, என் வாயில மண்ணைப் போட!

வெள்ளிக்கிழமை மனசு கேக்காம அக்கா பின்னாடி போய் நின்னேன்.

"என்ன தம்பி, வேவு பாக்குறியா?"

"நீங்க பாட்டுக்கு அடிங்கக்கா."

எஸ்கேப் கீயை அடிச்சா திரையில இருக்கிற நோயாளியோட பக்கம் மூடும். அப்புறம் 'டி' அடிச்சா டாக்டர் பட்டியல் திறக்கும்; அது தினம் ரெண்டு மூணு தடவைதான் தேவைப்படும். ஆல்ட் கீயோட சேர்த்து 'டி' அடிச்சா ரிசல்ட்டோட அந்தப் பக்கமே அழிஞ்சிடும். அக்கா எஸ்கேப், டி ரெண்டையும் டக்டக்னு தட்டினாங்க. என் கண்ணு முன்னாடியே ஒரு பக்கம் அம்போன்னு போச்சு!

அட ராமா, அது என் கைங்கரியம். டெர்மினல்னு சொல்ற இந்தக் கறுப்புத் திரையில ஆல்ட்டோட டி அடிச்சாலும், எஸ்கேப்புக்கு அடுத்து டி அடிச்சாலும் ப்ரோக்ராமுக்கு ஒரே மாதிரிதான் வந்து சேரும். எஸ்கேப் வந்ததும் கொஞ்சம் காத்திருந்து, பின்னாடியே எழுத்து வந்தா ஆல்ட்டுன்னு எடுத்துக்கும். தூரத்துக் கிளையில இணைப்பு மந்தம், எழுத்து தாமதமா வரலாம்னு மூணு வாரம் முன்னாடி அந்தக் காத்திருப்பை நான்தான் அரை நொடி ஆக்கியிருந்தேன். மத்தவங்க டி எங்கேன்னு தேடுறதுக்குள்ள அரை நொடி ஓடிடும். அக்காவுக்கு அது ஒரு யுகம்; அதுக்குள்ள டி விழுந்து ஆல்ட்டாயிடும். போதாக்குறைக்கு, 'அழிக்கவா?'ங்கிற கேள்வியையும் தொல்லைன்னு எடுத்துட்டிருந்தேன்.

அரை நொடியை இருபதுல ஒரு பங்கா குறைச்சேன். கேள்வியைத் திரும்பப் போட்டேன். மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன். வரவேற்புப் பேச்சை அவர் விட்டுட்டார். அக்காகிட்ட வந்து விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா ரெண்டு கையையும் மேசை மேல விரிச்சு வச்சுப் பார்த்தாங்க.

"போன வாரம் நரம்பு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன் தம்பி. வீட்டுல கூட சொல்லல. அப்ப இந்தக் கைக்கு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லக்கா. தப்பு என்னோடது."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு, அங்க உக்காந்திருக்கிறவங்களுக்குக் கேக்கல."

சொன்னேன்.