வெடிப்பை விட்டுவிட்டு எடுத்த படம்

என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி மற்றவர்களையும் ஏசப்போகிறேன்.

பதுளையில் ஒரு அரசாங்க ஆபீசில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பைக்கை எடுத்துக்கொண்டு லுணுகலைப் பக்கம் போய்விடுவேன். நான் பிறந்த தோட்டத்துக்குக் கீழே அங்கே ஒரு குளம் இருக்கிறது. அதைச் சுற்றிப் போகும் பாதையில் ஐந்தாறு இடங்களில் நிறுத்துவேன். மதகு, இடிந்த பங்களா, புகைக்கூண்டு மட்டும் மிஞ்சிய பழைய தேயிலை ஃபெக்டரி, அரசமரத்தடி முனியாண்டி. எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து இணையத்தில் போடுவேன். என்ன அழகு, என்ன அழகு என்று கொழும்பிலிருந்து எழுதுவார்கள். அழகுக்கு என்ன குறைச்சல்? உள்ளே இருப்பவனைக் கேட்டால்தானே தெரியும்.

கடைசியாக நிறுத்துவது குளத்துக்கு மேலே இருக்கும் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில். ஓரத்து ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு பெரியம்மா தனியாக இருக்கிறார். சொந்தம் இல்லை, ஒரு காலத்தில் பக்கத்து வீடு, அவ்வளவுதான். ஆனால் அம்மா காய்ச்சலில் படுத்த நாட்களில் எனக்கு ரொட்டி சுட்டுத் தந்த கை அது. போன மழைக்கு மேட்டு மண் இறங்கி, அவர் சுவரில் கூரையிலிருந்து தரைவரை வெடிப்பு விட்டிருந்தது. ஒரு விரல் உள்ளே போகும்.

பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டித் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு எத்தனை பேர் வந்து போனார்கள்! வந்த பாவிகள் எல்லோரும் ஒழுங்காகச் செய்த வேலை ஒன்றே ஒன்று, படம் பிடித்தது. அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் போட்டோ எடுக்க வந்தாலும் தலை சீவி, நல்ல சேலை கட்டி, அடையாள அட்டையோடு வாசலில் வந்து நிற்பார்கள். படத்தில் விழுந்தால் லிஸ்டில் பெயர் விழுந்த மாதிரி.

அந்த ஞாயிறும் பெரியம்மா அப்படித்தான் வந்து நின்றார்.

"இது வீட்டு லிஸ்டுக்குத்தானே தம்பி?"

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் போய்விடுமே என்று எனக்கு அவசரம். ஆமாம் பெரியம்மா என்றேன். வாய் தவறி வந்ததல்ல, பேச்சை முடிப்பதற்காகச் சொன்னது. அந்த வெடிப்பு படத்தைக் கெடுத்தது. இரண்டடி தள்ளி நின்று, அதை விட்டுவிட்டு எடுத்தேன். நீலக் கதவு, பெரியம்மாவின் சிரிப்பு, ஓரத்தில் குளம்.

அந்த வாரமே வீட்டு லிஸ்ட் எடுக்கும் நிஜமான ஆட்கள் வந்திருக்கிறார்கள். கோயில் மைக்கில் கூப்பிட்டு, அங்கே வந்து பெயர் கொடுத்தவர்களின் காம்பராவை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, பின்னேரமே மூட்டை கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கூப்பிட்டும் பெரியம்மா போகவில்லை. ஆபீஸ் தம்பியே வந்து என் வீட்டைப் படம் பிடித்துக்கொண்டு போயாச்சு என்று சொல்லிவிட்டு, கீரை ஆய உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது, புது வீடு எந்தப் பக்கம் என்று என்னைத்தான் கேட்டார்.

மறுநாள் லீவு போட்டு, அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பதிவு செய்த ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி தமிழ் ஆள்தான். பதிவு முடிந்துவிட்டது என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல். உங்கள் பதிவு முடிந்தது என்று மலைக்குத் தெரியுமா என்று சத்தமாகவே கேட்டேன். அவர் அடுத்த ஃபைலைப் புரட்டினார். கெஞ்சினேன். கடைசியில், சேதத்துக்குப் படம் இருந்தால் காட்டச் சொன்னார்.

தம்பிதான் எடுத்துச்சே, காட்டுங்க என்று பெரியம்மா முந்திக்கொண்டார். என்னிடம் இருந்தது அந்த ஒரே படம். அதிகாரி போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வீடு நல்லாத்தானே இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை அறைவதா, என்னை அறைந்துகொள்வதா? பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பிய ஏசாதீங்க சார். நம்ம வீடு அழகா இருக்கணும்னுதான் அப்படி எடுத்திருக்கும்."

பெரியம்மா என்னை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். குளத்துப் பாதையில் எங்கேயும் நிறுத்தாமல் லயத்துக்கு வந்து போனை எடுத்தேன். பெரியம்மா உள்ளே போய், தலை சீவி, சேலை மாற்றி, அட்டையோடு வந்து சரியாக வெடிப்பின் முன்னால் நின்றார். தள்ளி நில்லுங்க, இன்றைக்கு நீங்கள் வேண்டாம், சுவர் மட்டும் போதும் என்றேன்.

"நான் இல்லாம எம்பேரு எப்படித் தம்பி விழும்?"

அட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை வெடிப்பில் வைக்கச் சொன்னேன். போன வாரம் ஒரு விரல்தான் போனது. இப்போது நாலு விரலும் உள்ளே போயின.