அத்தையின் வண்டிக்கெடை

ஈரச் சாணமும் வைக்கோலும் மாட்டு வியர்வையும் கலந்த வாசனை காற்றில் வந்தால், ஓசூருக்குத் தெற்கேயிருந்த எங்கள் ஊர் மைதானத்தில் சடுகுடுப் போட்டி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் தங்கள் மாட்டுவண்டிகளை மைதானத்தை ஒட்டிய என் அத்தை முனியம்மாவின் அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லையில் அவிழ்த்துவிடுவார்கள். வாடகை கிடையாது, மூன்று நாள் சாணமும் கோமியமும் அவளுக்கு. ஊரில் இதை "வண்டிக்கெடை" என்பார்கள். மாமா போனபின் அத்தை வீட்டு அடுப்பு அந்த ஒரு கொல்லையை நம்பித்தான் எரிந்தது.

ஒரு மாசியில் போட்டி நடத்தும் விழாக் கமிட்டியிடமிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் என்பதால் நான்தான் வாசித்தேன். பெங்களூர்ப் பெரிய மனிதர்கள் காரில் வருகிறார்களாம். கொல்லையில் சரளை கொட்டி, ரோலர் விட்டு இறுக்கி, இனி எப்போதும் கார் நிறுத்தவே வைத்துக்கொள்ளப்போகிறார்களாம். கைநாட்டு வைக்க வேண்டுமாம். அத்தை கமிட்டித் தலைவரான அரிசி மில்காரரிடம் நேரே போனாள். நானும் கூடப் போனேன்.

"மாடு நின்னா சாணியாவது போடும் மில்காரரே. உங்க காரு என்னாத்த போடும்?"

"ஊருக்குப் பேரு போடும் முனியம்மா" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், கைநாட்டு மட்டும் வைக்கவில்லை. எப்படியும் திங்கட்கிழமை ரோலர் வரும் என்று ஊரில் பேச்சு. வாசிக்கத் தெரிந்த நான் பயந்து கிடந்தேன். அவளோ இரண்டே நாளில் கிணற்று நீர் பாய்ச்சி, உழுது, கொத்தமல்லி விதைத்துவிட்டாள். விதை விழுந்த மண்ணில் சக்கரம் ஏற்ற எங்கள் பக்கத்தில் யாரும் துணியமாட்டார்கள். வரப்பு வரைக்கும் வந்த ரோலர்க்காரர் ஈர மண்ணைப் பார்த்தார், கும்பிட்டார், திரும்பிவிட்டார்.

அந்த வருஷத்துச் சாணத்தை அவள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. வண்டிகளெல்லாம் ஏரிக்கரைக்குப் போயின. கார்கள் தார்ரோட்டிலேயே நின்றன. வெயிலில் நடக்கத் தயங்கிய விருந்தாளிகளை அத்தையே தன் வண்டியில் ஏற்றிவந்தாள். "ஏறுங்க சாமி, இதுக்குக் கதவெல்லாம் கெடையாது" என்றாள். மில்காரரும் ஏறிக்கொண்டார்.

அவள் இருந்தவரை அங்கே கேழ்வரகு விளைந்தது. இப்போது மைதானம் ஸ்டேடியமாகிவிட்டது. ஆடும் இடத்தைவிடக் கார் நிறுத்தும் இடம் பெரிது. போன மாதம் நானும் என் பழைய காரில் போயிருந்தேன். நிறுத்த இடம் தேடியதிலேயே பாதி ஆட்டம் போய்விட்டது. திரும்பும்போது, கார் நின்ற இடத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். தார்மேல் இரண்டு சொட்டு எண்ணெய் கிடந்தது.