தொண்ணூற்றிரண்டாவது ஆள்

"எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? எதைப் பார்த்துச் சொன்னீர்கள்? ஆட்களையா, கையிலிருந்த தாளையா?

எங்கள் மலையூர் தார்ன்பெக்கின் மன்றத்தில் மலையோட்டப் பதிவேடு ஒன்று இருக்கிறது. 1974 செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமைக்கு நேரே, "ஏறியவர் 91. இறங்கியவர் 91. அனைவரும் நலம்" என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவர் வில்ஃப் டைசன். பொய் சொல்லும் மனிதர் அல்ல. ஆனால் அந்த வரி பொய்.

அந்த வரியில் இல்லாதவர் பெயர் திர்ஸா மௌன்சி. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பள்ளத்தாக்கின் கடைசிப் பண்ணையில் பிறந்து, ஆடுகளை மலையிலிருந்து இறக்கும் நாள்களில் நாய்களோடு ஓடி வளர்ந்தவர். தந்தை இறந்து பண்ணை கைமாறிய பிறகு பள்ளிக்குப் பக்கத்துச் சிறு வீட்டில் தனியாக இருந்தார். மாலையில் கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும் ரேவன் ஹவ் மலையுச்சி வரை ஓடிவிட்டு வருவார்.

ஊரின் மலையோட்டத்தில் பெண்கள் ஓடக்கூடாது என்பது விதி. இருந்தாலும் ஆண்டுதோறும் பெயர் பதியும் மேசைக்கு முன்னால் ஆண்களோடு வரிசையில் நிற்பார். மேசைக்குப் பின்னால் ஓட்டச் செயலாளர் வில்ஃப்.

"எழுது வில்ஃப். மௌன்சி."

"வருஷா வருஷம் இதே கூத்தா? விதிய நானா எழுதினேன்?"

"மாத்தாம வச்சிருக்கிறது நீதானே."

"பொம்பளைங்க உடம்பு தாங்காதுன்னு டாக்டருங்க சொல்றாங்க, பொண்ணே."

"போன மாசம் உன் ஆடு ஒண்ணு பாறை இடுக்குல மாட்டிக்கிச்சே. தோள்ல போட்டு இறக்கிட்டு வந்தது எந்த டாக்டர்?"

வரிசை முழுக்கச் சிரிக்கும். வில்ஃபும் சிரிப்பார். சிரிப்பைத் தாராளமாகக் கொடுத்தோம். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு எண்ணை மட்டும் கொடுக்கவில்லை.

எனவே திர்ஸா கல்சுவருக்குப் பின்னால் காத்திருப்பார். கடைசி ஆண் கிளம்பியதும் சுவரைத் தாண்டி ஓடுவார். இறங்கி வரும்போது பாதிப் பேரை முந்தியிருப்பார். முடிவுக் கோட்டை மட்டும் தாண்டக்கூடாது என்று உத்தரவு. அதனால் கோட்டுக்கு நூறு அடி முன்பே விலகி, ஓடையோரமாக நடந்து மன்றத்தின் பின்வாசலுக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு வேறு வேலை இருந்தது.

ஓட்டம் காலை பதினொன்றுக்கு என்றால் அதே நாள் பிற்பகல் மூன்றுக்கு மன்றத்தில் நாடகம். ஓட்டம் நடத்துவதும் நாங்கள்தான், நடிப்பதும் நாங்கள்தான். கதாநாயகன் எப்போதும் வில்ஃப். நூறு ஆடுகளின் காதுக்குறியை நினைவில் வைத்திருக்கும் அவருக்கு நாலு வரி வசனம் நிற்காது. மேடையின் இடது மூலையில், திரைக்குப் பின்னால், ஒரு முக்காலியில் நாடகப் பிரதியோடு உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர் திர்ஸா. மறந்துபோனால் வில்ஃப் தன் புகைக்குழாயால் மேசையை இரண்டு முறை தட்டுவார். மூலையிலிருந்து வரி வரும். அவருக்கு மட்டும் கேட்கும்.

நாடகத் துண்டுத்தாளில் தேநீர் போட்டவர் பெயர்கூட இருக்கும். திர்ஸாவின் பெயர் இருக்காது. எடுத்துக் கொடுக்க ஒருவர் இருப்பது பார்வையாளருக்குத் தெரியக்கூடாதாம். அது எங்கள் வழக்கம். எத்தனை அநியாயங்கள் இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வசதியாக உட்கார்ந்திருக்கின்றன!

1974-இன் அந்தச் சனிக்கிழமை நண்பகலில் மூடுபனி இறங்கியது. உச்சியில் பட்டியலோடு நின்றவர் ஜாஸ் ஏரி. திர்ஸா நாற்பது பேரை முந்திக்கொண்டு மேலே வந்ததை அவர் பார்த்தார்.

"உன்ன எந்த நம்பர்ல குறிக்கிறது?"

"பனின்னு குறிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் திர்ஸா இறங்கினார்.

ஜாஸ் தொண்ணூற்றொரு எண்களையும் குறித்து முடித்துவிட்டு மலையிறங்கினார். கீழே வில்ஃபின் கணக்கும் தொண்ணூற்றொன்று. ஒலிபெருக்கியில் அறிவித்தார். பாதிரியார் கடவுளுக்கு நன்றி சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

மூன்று மணிக்குத் திரை விலகியது. மூலை முக்காலியில் பிரதி இருந்தது. ஆணியில் திர்ஸாவின் கோட்டு தொங்கியது. இரண்டையும் காலையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கோட்டைப் பார்த்தவர்கள் ஆளும் இருப்பதாக நினைத்துக்கொண்டோம்.

இரண்டாம் அங்கம். கடவுளை நம்பாத எனக்கு வழக்கம்போலப் பாதிரியார் வேடம். வில்ஃப் என்னிடம் ஒரு கடிதத்தைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டிய இடம். நின்றுபோனார். புகைக்குழாயால் இரண்டு முறை தட்டினார். வரி வரவில்லை. மறுபடி தட்டினார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வில்ஃப் மூலையைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

"திர்ஸா எங்க?"

அதையும் நாடகம் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

"நிறுத்துங்க. காலைலேர்ந்து திர்ஸாவ யாராவது கீழ பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. பின்வரிசையில் ஜாஸ் எழுந்து நின்றார். "நான் மேல பாத்தேன், வில்ஃப். எறங்கிப் போனா. அவளுக்கு நம்பர் இல்லியே, அதான்..."

வேடத்தோடே கிளம்பினோம். மழை பிடித்துக்கொண்டது. மையால் தீட்டிய மீசையும் பூசிய சிவப்பும் வில்ஃபின் முகத்தில் வழிந்தன. இருபது முப்பது பேர், ஓடுபவர்கள் இறங்கும் மேற்குச் சரிவில் கை எட்டும் இடைவெளியில் வரிசையாக ஏறினோம். பெண்களும் வந்தார்கள். மலை அவர்களுக்கு ஆகாது என்று அன்று எந்த டாக்டரையும் யாரும் மேற்கோள் காட்டவில்லை.

ஆறு மணிக்கு வில்ஃப் கையை உயர்த்தினார். பனிக்குள் கீழே எங்கிருந்தோ ஒரு குரல். கூப்பிடும் குரல் அல்ல. சீராக, தாழ்ந்து, மூலையிலிருந்து வருமே, அந்தக் குரல்.

"அந்தக் கடிதத்தை நான் எரிக்கவில்லை, ஐயா. வைத்திருக்கிறேன்."

அது இரண்டாம் அங்கத்தில் வில்ஃப் மறந்துபோன வரி.

திர்ஸா பனியில் பாதை தவறி, சரளைச் சரிவில் வழுக்கி ஒரு நீரோடைப் பள்ளத்தில் விழுந்து கிடந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. உதடுகள் நீலமாக இருந்தன. தூங்கினால் செத்துவிடுவோம் என்று தெரிந்து, முதல் அங்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறார். ஆறு மணி நேரம். நாடகத்தை மூன்று தடவை முடித்திருந்தார்.

வில்ஃப் பக்கத்தில் மண்டியிட்டு அழுதார்.

"மீசை கரையுது வில்ஃப்" என்றார் திர்ஸா. "எத்தன பேர் எறங்கினாங்கன்னு எழுதின?"

வில்ஃப் தன் வேடக் கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தினார்.

கடவுள்தான் காப்பாற்றினார் என்று மருத்துவமனையில் பாதிரியார் சொன்னாராம். "அப்போ பதினொரு மணிக்கே அவர்கிட்ட ஒரு நம்பர் கேட்டிருக்கலாம்" என்றாராம் திர்ஸா.

அந்த வாரமே வில்ஃப் பதிவேட்டைத் திருத்த அனுமதி கேட்டார். ஏறியவர் 92 என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஓட்டக் குழு மறுத்தது. பதியாதவர் ஓடியதாக எழுதினால் விதியை மீறவிட்டோம் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார்கள். ஒரு பெண்ணின் கால் முறிந்ததைவிட ஒரு வரி முறிவது அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. வில்ஃப் செயலாளர் பதவியை விட்டார்.

திர்ஸாவின் ஒரு கால் ஓர் அங்குலம் குட்டையானது. மறுபடி அவர் ஓடவில்லை. மூன்று ஆண்டுகளில் விதி மாறியது. முதன்முதலாகப் பெண்கள் எண் குத்திக்கொண்டு ஓடிய நாளில், அவர் அதே கல்சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார். வருத்தமா என்று கேட்டேன்.

"மலை மேல கோவம் இல்லப்பா. அது யாரையும் பட்டியல் பாத்துத் தள்ளிவிடல."

நாடகத்தை மட்டும் அவர் விடவில்லை. இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் அந்த முக்காலியில் உட்கார்ந்தார். வில்ஃப் பிடிவாதம் பிடித்ததால் துண்டுத்தாளில் கடைசி வரியாக அவர் பெயர் வந்தது. சென்ற ஜனவரியில் திர்ஸா இறந்தார். பதிவேட்டைத் திருத்தக் கேட்டு நான் மறுபடி குழுவுக்கு எழுதினேன். பழைய ஏடுகளைத் தொடுவதில்லை என்று பதில் வந்தது. நான் விடுவதாக இல்லை. அடுத்த கூட்டத்துக்கும் போவேன்.

உங்களிடம் கேட்பது வேறு. உங்கள் ஊரிலும் ஒரு பதிவேடு இருக்கும்: விழா மலரோ, நாடக நோட்டீசோ, பள்ளி விளையாட்டுப் போட்டியின் பட்டியலோ. அதை எடுத்து, அன்று அங்கே உழைத்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். விட்டுப்போனவர் ஒருவராவது இருப்பார். கடைசிப் பெயருக்குக் கீழே இடம் இருக்கும். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல், அங்கே அவர் பெயரை மையில் எழுதுங்கள்.